கூம்பனின் மூன்றாவது கை

நனைத்து வைத்த பீடி இலைக்கு ஒரு வாசனை உண்டு. மழையில் ஊறிய சாக்கும் தேயிலைத் தூளும் சேர்ந்தாற்போல இருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன், முழுக்கச் சரியாக வரவில்லை. அந்த வாசனையோடு புகையிலைத் தூளின் காரமும் மூக்கில் ஏற, சுற்றிலும் பெண்கள் மடியில் "சொளவு" வைத்துக்கொண்டு இலை வெட்டும் கத்தரிச் சத்தத்துக்கு நடுவே, கையில் ஒரு வாரப் பத்திரிகையுடன் நான் உட்கார்ந்திருப்பேன். சுளகைத்தான் எங்கள் பக்கம் சொளவு என்போம். வியாழன் கோளுக்கு நிலவுகள் நிறைய உண்டு என்பதும், வான்வெளியில் சத்தம் கேட்காது என்பதும், அங்கே ஒரு வாய் சோறு உண்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்பதும் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தன.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறேன். வருடக்கணக்கில் ஓடும் அறிவியல் கதைத் தொடர்களைப் பார்க்கும் மாணவிகள், அவற்றில் கதாநாயகனைவிட அவனுடன் வருகிறவனை ஏன் அதிகம் பிடிக்கிறது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சண்டை போட்டுக்கொள்வார்கள். சிரிக்க வைக்கிறான் என்பாள் ஒருத்தி, விசுவாசமாக இருக்கிறான் என்பாள் இன்னொருத்தி. நான் குறுக்கே போவதில்லை. அந்தப் பாடத்தை நான் மேலப்பாளையத்தில் மைமூன் மாமி வீட்டுப் "பட்டாசலில்" படித்து முடித்தவள். பட்டாசல் என்றால் வீட்டின் முன்கூடம். எனக்குப் பாடம் நடத்தியவர்களில் ஒருவர்கூட விண்வெளிப் படம் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமி எங்களுக்கு உறவில்லை, அடுத்த வீட்டுக்காரர். தெருவில் பெரிய பட்டாசல் அவர் வீட்டில் இருந்ததால், மதியச் சாப்பாடு முடிந்ததும் சுற்றுவட்டாரப் பெண்கள் இலையையும் தூளையும் எடுத்துக்கொண்டு அங்கே வந்துவிடுவார்கள். தனியாக உட்கார்ந்து சுற்றினால் கையைவிட மனசுதான் முதலில் சோர்ந்துபோகும் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. மாமியின் தம்பி திருநெல்வேலி ஜங்ஷனில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். அங்கே விற்காமல் தங்கும் வாரப் பத்திரிகைகள் ஒரு வாரம் பழசாகி எங்களிடம் வரும். அதை ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். வாசிப்பவள் சுற்ற முடியாதல்லவா, அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு சொல்லி எல்லாரும் எழுந்திருக்கும்போது, ஒவ்வொருத்தியும் தான் சுற்றியதில் ஒரு கை அள்ளி வாசித்தவளின் சொளவில் போட்டுவிட்டுப் போவாள். அதற்கு "வாசிப்புக் கை" என்று பெயர். யார் எப்போது தொடங்கி வைத்த வழக்கம் என்று தெரியாது, ஒருநாளும் ஒருத்தியும் போடாமல் போனதில்லை.

ஏழாவது படிக்கும்போது அந்த வாசிப்பு வேலை எனக்கு வந்தது. எங்கள் வாப்பா தறி நெய்தவர். முதுகு விட்டுப்போய்ப் படுத்த பிறகு, வீடு அதே பட்டாசலில் பீடி சுற்றிய உம்மாவின் கையில்தான் ஓடியது. என் வயதுப் பெண்கள் பலர் அதற்குள் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தார்கள். உம்மா என்னிடம் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "படிக்கதுக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா சாயந்தரம் ஆனா சொளவு காலியா இருக்கப்படாது." நான் சுற்றினால் மெதுவாகத்தான் வரும், அப்படிச் சுற்றிக்கொண்டு படிக்கவும் முடியாது. ஆக, நான் வாசிக்கும்வரை பள்ளிக்கூடம் உண்டு, வாசிப்பு நின்றால் பள்ளிக்கூடமும் நிற்கும். இது எனக்குத் தெரியும், உம்மாவுக்குத் தெரியும். பட்டாசலில் இருந்த மற்றவர்களுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையில் சமையல் குறிப்பு, துணுக்கு, குடும்பக் கதை எல்லாம் வரும். ஆனால் பட்டாசல் காத்துக் கிடந்தது நடுப்பக்கத்தில் வரும் விண்வெளித் தொடருக்காக. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய தொடர் அது. விண்மாறன் என்றொரு கப்பல் தலைவன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோள் கோளாகப் போய் நியாயம் வழங்குவான். அவனுக்குப் பசிக்காது, சளி பிடிக்காது, சட்டை கசங்காது. அவனுடன் போகிறவன் பெயர் கூம்பன். கூம்பிய தலை, மூன்று கைகள். ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்தவனைப் பிடித்து விண்மாறன் வேலைக்கு வைத்துக்கொண்டான். இயந்திர அறையைத் துடைப்பது, சூடான குழாய்களைப் பிடித்துக்கொள்வது, திட்டு வாங்குவது இவையே அவன் வேலைகள். விண்மாறன் பால்வெளியின் எதிர்காலம் பற்றி முழங்கும்போது, "இதற்கு முன்னால் சாப்பிட்டுவிடலாமா, தலைவரே?" என்று கேட்பான்.

விண்மாறன் பேசும்போது பட்டாசலில் கத்தரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். கூம்பன் வாயைத் திறந்தால் நின்றுவிடும். எழுத்தாளருக்கு இதைவிட நேர்மையான விமர்சனம் கிடைத்திருக்காது, பாவம், அவர் காதுக்கு எட்டவில்லை. மாமிக்கு அந்த மூன்றாவது கைமேல்தான் கண். "ஒருத்தனுக்கு மூணு கை! இங்கன கொண்டாந்து உக்கார வச்சா ரெண்டு கையால சுத்துவான், ஒரு கையால புள்ளையத் தட்டித் தூங்கப் போடுவான். அவன அங்கன குழாயப் புடிக்க வச்சிருக்கான் பாரு, கூறுகெட்டவன்" என்று விண்மாறனைத் திட்டுவார்.

அந்தக் கையைப் பற்றி நானும் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். இரண்டு கைகள் தலைவன் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மூன்றாவது கை அதன்பாட்டுக்குத் தலையைச் சொறியும், ரொட்டியைத் திருடும், விண்மாறன் பார்க்காதபோது அவன் நாற்காலியின் மெத்தென்ற சாய்வைத் தடவிப் பார்க்கும். கூட வருகிறவன் தன்னை முழுக்கக் கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்காவது தனக்கென்று வைத்திருந்தால்தான் அவன் ஆளாகத் தெரிவான், இல்லாவிட்டால் நாயகனின் நிழலாகத்தான் தெரிவான். நாள் முழுக்கப் பிறத்தியாருக்கு உழைத்துவிட்டுத் தனக்கென்று ஒரு கையைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேட்பவர்களில் ஆகக் குறைவாகப் பேசியவர் சபுரா லாத்தா. மாமியின் மருமகள், எங்களுக்கு மூத்தவர் என்பதால் சிறுபிள்ளைகள் எல்லாரும் லாத்தா என்போம். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே மாப்பிள்ளை சவுதிக்குப் போய்விட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை வந்து போனார். வாகன ஓட்டி வேலை, ஒரு பெரிய முதலாளிக்கு. கடிதம் வரும், சில சமயம் நெடுநாள் வராது. லாத்தா தூணோரம் உட்கார்ந்து தலை குனிந்தபடி சுற்றுவார். கதை கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

நான் எட்டாவதில் இருந்தபோது எழுத்தாளர் கூம்பனைத் தொலைத்தார். ஒரு பனி நிலவில் கப்பலின் கதவு உள்ளிருந்து மூட மாட்டேன் என்கிறது. கூம்பன் வெளியே குதித்து மூன்று கைகளாலும் கதவைத் தள்ளிச் சாத்துகிறான். கப்பல் கிளம்பிவிடுகிறது. பனிப்புயல் அவனை மூடுகிறது. விண்மாறன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டான், ஒரே ஒரு சொட்டு. அதையும் யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தது. அந்த ஒரு தடவைதான் மூன்றாவது கையும் தலைவனுக்கு வேலை செய்தது என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது.

"மவுத்தா போயிட்டானா?" என்று கேட்டார் மாமி.

"அப்படிப் போடல மாமி. பனி மூடிட்டுன்னுதான் போட்டிருக்கு."

"அப்பம் ஹயாத்தோட இருக்கான்" என்று, அவன் உயிரோடு இருப்பதாகவே மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் சீனி வைத்து, தெருவில் ஓதுகிற லெப்பையைக் கூப்பிட்டு அனுப்பினார். யார் பெயருக்கு ஓத வேண்டும் என்று லெப்பை கேட்டார். மாமி கொஞ்சம் தடுமாறி, "நமக்கு வேண்டிய புள்ள ஒண்ணு. வெளியூர்ல காணாமப் போயிட்டு" என்றார்.

"வெளியூருன்னா எங்கன?"

"ரொம்பத் தூரம்."

எங்கள் தெருவில் ரொம்பத் தூரம் என்றால் அது வளைகுடாதான். லெப்பை தலையை ஆட்டிக்கொண்டு, பிழைக்கப் போன இடத்தில் பாதை தவறிய அந்தப் பிள்ளை உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும் என்று உருக்கமாக துஆ செய்தார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் முந்தானையை, அதாவது தாவணியின் ஓரத்தை, வாயில் திணித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் சபுரா லாத்தா இரண்டு கைகளையும் ஏந்திக் கண்ணை மூடி "ஆமீன்" சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. சீனியை எல்லாரும் தின்றோம்.

"அவன் கதைதானே மாமி" என்று அப்புறம் நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"கதைன்னா? நீ வாசிக்கும்போது நாங்க சுத்தின பீடியும் கதையா?" என்று கேட்டார்.

நாங்கள் சீனி வைத்தது எழுத்தாளருக்குத் தெரியாதே. அடுத்த வாரம் அவர் புதுத் துணைவன் ஒருவனை இறக்கிவிட்டார். அறிவன் என்று ஓர் இயந்திர மனிதன். அவனுக்கு எல்லாம் தெரியும். எந்தக் கோளின் மொழியும் பேசுவான், எந்தப் பூட்டையும் திறப்பான், "தாங்கள் சொல்வது முற்றிலும் சரி, தலைவரே" என்பான். பட்டாசலில் கத்தரிகள் நிற்காமல் ஓடின.

"எல்லாம் தெரிஞ்சவன் எதுக்குக் கூட வாரான்? அவனே கப்பல ஓட்டிட்டுப் போவ வேண்டியதானே" என்றார் மாமி. கூம்பன் "அது என்னது?" என்று கேட்பான், நாங்களும் அதையே கேட்டுக்கொண்டிருப்போம், விண்மாறன் சலித்துக்கொண்டே விளக்குவான். இப்போது கேட்க ஆளில்லாமல் கப்பலுக்குள் எங்களுக்கு வழியடைத்துப் போயிற்று. கதையில் அவ்வளவாகத் தலையிடாத உம்மாகூட, "இவனுக்குப் பசிக்காதாமே. பசிக்காதவனப் பத்தி என்னத்த நெனைக்க?" என்றார். அறிவன் எரிமலைக்குள் சிரித்துக்கொண்டே இறங்கினான் என்று வாசித்தபோது, சபுரா லாத்தா தலை நிமிராமல் சொன்னார்: "பயமே இல்லாதவன் கூட நிக்கது ஒரு நிப்பா? கூம்பன் நடுங்கிட்டே நிப்பான்."

இன்னும் இரண்டு வாரம் இழுத்துப் பார்த்தேன். ஒருநாள் மாமி, "போதும் புள்ள, மூடி வையி. இத வாசிக்கதுக்கு நீயும் நாலு சுத்தலாம்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதில்லை, அலுப்பில் சொன்னது. அது போனபின் பத்திரிகையின் மற்றப் பக்கங்களைக் கேட்கவும் ஆர்வமில்லாமல் போயிற்று. மற்றவர்களுக்கு ஒரு தொடர் நின்றது. எனக்கு நின்றது வேறு.

என் சொளவில் இலையும் தூளும் வந்தன. என் கை பீடி ஒன்று வயிறு பெருத்திருக்கும், இன்னொன்று வற்றிப்போயிருக்கும், பீடிக் கடையில் பாதியைக் கழித்து ஒதுக்குவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகும் முடியாது, பாடப் புத்தகம் பைக்குள்ளேயே கிடக்கும். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்று உம்மா வாப்பாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. அந்த எழுத்தாளர்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. அவர் பனியில் விட்டுவிட்டுப் போனது என்னை.

அப்படி ஒரு சாயங்காலம், எல்லாரும் சுற்றிக்கொண்டிருந்தபோது, சபுரா லாத்தா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, அவன் வீடு எங்கன?" என்று கேட்டார்.

"யாரு வீடு லாத்தா?"

"கூம்பன் வீடுதான். இத்தன வருசமா அவன் கூடக் கூடப் போனானே, அவனுக்கு ஒரு ஊரு இருக்கும்லா? அந்த எழுதுதவரு ஒருநாளாவது சொல்லிருக்காரா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. விண்மாறனின் பாட்டனார் படம் வரைக்கும் வந்திருக்கிறது. கூம்பனுக்கு ஒரு தெருவைக்கூட யாரும் எழுதவில்லை. கூட வருகிறவர்களின் வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்டால் நாயகன் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வருமே என்கிற பயமாக இருக்கலாம். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் ஊரில் ஓர் ஆறு உண்டு, ஆனால் அது கடலிலிருந்து மலைக்கு ஓடும். ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் மூன்று கை என்பதால் கைகுலுக்கவே அரைமணி நேரமாகும். கத்தரிகள் நின்றன. பனி உருகியதா, அவன் எப்படி எழுந்தான் என்று மாமி கேட்டார். சொன்னேன். மக்ரிப் பாங்கு சொல்லி எல்லாரும் எழுந்தபோது என் சொளவில் முதல் கையைப் போட்டவர் உம்மா.

அன்றிலிருந்து தொடர் எங்களுடையதாயிற்று. வாரம் ஒரு தடவை வந்தது தினமும் வரலாயிற்று. கூம்பன் பனி நிலவிலிருந்து எழுந்து, கையில் கிடைத்த கப்பலில் ஏறி, தன் ஊரைத் தேடிப் போகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பெண்கள் லேசில் விடுகிறவர்கள் அல்லர். ஒருநாள் அவன் பத்துப் பேரை அடித்துப் போட்டதாகச் சொன்னேன். "அவனுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேல? ஒளிஞ்சு தப்பிக்கச் சொல்லு" என்று மாமி திருத்தினார். இன்னொரு நாள் மூன்று கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ வைத்தேன். "அழுவதுக்கு எங்க வீடே போதும், நீ மேல சொல்லு" என்றார். அவன் யாரிடமாவது நன்றியில்லாமல் நடந்துகொண்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ரொம்ப நல்லவனாக நடந்துகொண்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விண்மாறனை அவன் திட்ட வேண்டும், ஆனால் பிறத்தியார் யாராவது விண்மாறனைத் திட்டினால் சண்டைக்குப் போக வேண்டும்.

நடுவில் வேடிக்கை ஒன்றும் நடந்தது. வாசகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததாலோ என்னவோ, அசல் எழுத்தாளர் கூம்பனைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆசையோடு வாசித்தேன். பனியில் உறைந்த மூன்றாவது கைக்குப் பதிலாக இரும்புக் கை, அதில் துப்பாக்கி. பயம் போய்விட்டது, பசியும் போய்விட்டது, விண்மாறன் அவனுக்குப் பதக்கம் குத்துகிறான். மாமி கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவன் வேற ஆளு. நம்ம பய எங்கன போயிட்டிருக்கான், அத நீ சொல்லு" என்றார்.

பத்தாவது பரீட்சை நெருங்கியபோது வாப்பாவின் அக்கா வந்து, பெண்பிள்ளைக்கு இதுவரை படித்தது போதும், வீட்டில் இருந்து நாலு காசுக்குச் சுற்றட்டும், ஒரு இடம் பார்க்கலாம் என்று பேசிவிட்டுப் போனார். எனக்கும் மனசு விட்டுப்போயிற்று. கதையையாவது ஒழுங்காக முடித்துவிடலாம் என்று கூம்பனை அவன் ஊருக்கு முந்தின நிலையம் வரை கொண்டுவந்துவிட்டேன். மறுநாள் வீடு சேர்ப்பதாக இருந்தேன். அன்று எல்லாரும் போன பிறகு, கைக்குப் புகையிலை மணம் போகச் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த சபுரா லாத்தா என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு அவன வீட்டுக்கு அனுப்பப் போறியா?"

"ஆமா லாத்தா. நீங்கதானே ஆசப்பட்டிய."

"ஆசதான். ஆனா அனுப்பாத. அவன் வீட்டுக்குப் போயிட்டா கத முடிஞ்சிரும். கத முடிஞ்சா வாசிப்புக் கை யாருக்குப் போட? ஒன்ன சுத்த உக்கார வச்சிருவாவ. மாமிக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். நீ இன்னும் ரெண்டு வருசம் இழு."

நான் அவர்களுக்குக் கதை சொல்லிப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தவள், அவர்கள் என்னைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். லாத்தா ஈரக் கையால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "எப்படி இழுக்கன்னு நான் சொல்லுதேன்" என்றார்.

சொன்னார். மறுநாள் அந்த நிலையத்தில் கூம்பனின் "அக்காமா" காலாவதியாகிவிட்டது. அதாவது அந்நிய நாட்டில் தங்கியிருக்க உரிமை தரும் அட்டை. அதைப் புதுப்பிக்க வேண்டிய முதலாளி ஊரில் இல்லை. அவர் வந்தபோது அலுவலகம் விடுமுறை. அலுவலகம் திறந்தபோது கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார். எங்களில் யாருக்கும் தெரியாத வான்வெளிச் சட்டமெல்லாம் லாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. நான் வாய் மட்டும்தான், சங்கதி எல்லாம் அவர் மாப்பிள்ளையின் கடிதங்களிலிருந்து வந்தவை. கூம்பனை வீட்டில் பார்க்க வேண்டும் என்று அந்தப் பட்டாசலில் எல்லாரையும்விட ஆசைப்பட்டவர், அவனை ஊர் எல்லையில் நிறுத்தி வைக்கத் தினம் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். மாமி உடனுக்குடன், "அய்யோ, அப்பம் இப்பத்திக்கு விட மாட்டானுவளே!" என்று உம்மாவின் காதில் விழும்படி அங்கலாய்ப்பார். கதை முடியாததால் நான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னதால் சொளவு நிறைந்தது, சொளவு நிறைந்திருந்ததால் உம்மாவுக்கு வாப்பாவின் அக்காவிடம் சொல்ல ஒரு பதில் இருந்தது. நான் பதினொன்றாவது, பன்னிரண்டாவது இரண்டையும் படித்து முடித்தது அப்படித்தான்.

மதுரையில் ஒரு கல்லூரியில் விடுதியோடு இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், "இனி அவன விடு புள்ள, போவட்டும்" என்றார் மாமி. அக்காமா கிடைத்துவிட்டது. அவசர அவசரமாகக் கூம்பனைக் கப்பலேற்றி, மேல்நோக்கி ஓடும் அந்த ஆற்றங்கரையில் இறக்கி, தெருவுக்குள் நடக்க வைத்து, ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க வைத்து, ஒருவழியாக வீடு சேர்த்தேன். பாங்கு சொன்னார்கள், எழுந்துகொண்டோம். மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். என் சொளவில் அன்று விழுந்த கைகளை உம்மா கடையில் போட்டுவிட்டு வந்து, அதில் வாங்கிய ஒரு சோப்புப் பெட்டியை என் பையில் வைத்தார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மேலப்பாளையம் போயிருந்தேன். மாமி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன, உம்மாவும் இல்லை. பட்டாசல் இருந்த இடத்தில் கீழே செல்போன் கடையும் மேலே இரண்டு மாடியுமாக நிற்கிறது. பீடி சுற்றுகிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஆளுக்கொரு தொடரைப் பார்த்தபடி சுற்றுகிறார்கள். கதையை நடுவில் நிறுத்தி, "இவனுக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்டால் போன் பதில் சொல்லாது. வாசிப்புக் கை என்ற சொல்லை அங்கே ஓர் இளம் பெண்ணிடம் சொன்னேன், அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

சபுரா லாத்தா முதல் மாடியில் இருக்கிறார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவர் மாப்பிள்ளை ஒருவழியாக ஊர் திரும்பி, இப்போது சர்க்கரை வியாதியோடும் செய்தித்தாளோடும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர்தான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். பழைய கதை பேசினோம். என் மாணவிகளின் சண்டையைச் சொன்னேன். லாத்தா சிரித்துவிட்டு, கூம்பன் வீட்டுக்குப் போன அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கதவைத் திறந்தவள் 'ஏன் இம்புட்டு நாளு' என்று கேட்கவில்லை, 'வழி தெரிஞ்சுதா' என்றுதான் கேட்டாளாம். அவன் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாளாம், விடியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்களாம்.

நன்றாக இருந்தது. நான் சொன்னதிலேயே நல்ல இடம் அதுதான் என்று தோன்றியது, ஆனால் எனக்குத் துளியும் நினைவில்லை.

"இத நானா சொன்னேன் லாத்தா?"

"நீ எங்கட்டி சொன்ன? நீ கதவு வரைக்கும்தான் கொண்டாந்த. பாங்கு சொல்லிட்டாவ, எந்திரிச்சிட்ட. வெளிய நிக்க வச்சுட்டு நீ பாட்டுக்கு மதுரைக்கு பஸ் ஏறிட்ட. எனக்கு உறக்கம் வருமா? நான்தான் போயித் தொறந்தேன்."